ஊதா நிறத் தூண்டில்

பிப்ரவரி மாதம் வில்ஃப் சாலிஸுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது வலது கை மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது. வலது கால் வீட்டுக்குள் நாலு எட்டு வைக்க உதவியது. அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். பேச்சு போய்விட்டது. மிஞ்சியவை இரண்டு சொற்கள். ஒன்று "இல்ல". மற்றொன்று "எழவு".

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. "வசவெல்லாம் மூளையில வேற அறையில இருக்கும்மா. அந்த அறைக்கு ஒண்ணும் ஆகல, அவ்வளவுதான்" என்றாள்.

"நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன். அந்த அறைதான் இருக்கறதுலயே பெருசு" என்றாள் தெல்மா.

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பெண் போன பிறகு தெல்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஈவ்ஷம் ஊர்ப் பண்ணைகளின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி தரம் பிரித்துக் காய்த்துப்போன கைகள் அவளுடையவை. வேலையை விட்டது முந்தைய வருடம்தான். இனி இருவரும் நிம்மதியாக இருக்கலாம், அவன் ஆற்றங்கரையில் கிடக்கட்டும், நாம் தோட்டத்தில் கிடக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

வாராவாரம் வியாழக்கிழமை பெர்சி டேண்டி வந்துவிடுவான். வில்ஃபும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தூண்டில் சங்கம். ஏவன் ஆற்றில் அவர்கள் பக்கம் பக்கமாக உட்காராத சீசன் கிடையாது. பெர்சிக்கு ஒரு பலவீனம்: விளம்பரம். பத்திரிகையில் எந்தத் தூண்டில் வந்தாலும் வாங்கிவிடுவான், எந்த இரை வந்தாலும் வாங்கிவிடுவான். அவனுடைய கொட்டகையில் பிரிக்காத டப்பாக்களே ஒரு சுவர் அளவு இருக்கும். "மீனுக்குப் படிக்கத் தெரியாதுடா பெர்சி" என்று வில்ஃப் வருடக்கணக்காக அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான். இப்போது கிண்டல் செய்ய வாயில்லை. அந்த அமைதி பெர்சியால் தாங்க முடியாததாக இருந்தது போலும். பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி பேசினான்.

"டேய் வில்ஃப், இந்தத் தூண்டில் கோலப் பாரு! நாப்பது டன் கார்பனாம்!"

"நாப்பது டன்ன எப்பிடித் தூக்கறது?" என்றாள் தெல்மா.

"அது எடை இல்ல தெல்மா. அது வேற கணக்கு."

"என்ன கணக்கு?"

பெர்சி பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினான். திரும்பவும் முன்பக்கத்துக்கு வந்தான். "அத அவன் போடல."

"எழவு" என்றான் வில்ஃப்.

"பாத்தியா, அவனுக்குப் புடிச்சிருக்கு!" என்றான் பெர்சி.

மே மாதக் கடைசியில் ஒருநாள் தெல்மா அஸ்பாரகஸ் தண்டு வாங்கிக்கொண்டு திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. வண்டிக் கொட்டகையில் ஏதோ விழும் சத்தம் கேட்டு ஓடினாள். வில்ஃப் சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போயிருக்கிறான். தன்னுடைய பழைய நீளக் கோலை ஆணியிலிருந்து இடக்கையால் எடுத்திருக்கிறான். அது பதிமூன்று அடி நீளம், கனத்த கோல். முனை தாழ்ந்து அலமாரியில் இடித்து, தக்கைகள் வைத்திருந்த ஜாடி விழுந்து உடைந்திருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகத் தக்கைகள் தரையெல்லாம் சிதறிக் கிடக்க, அவன் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். இதற்கு முன் அவன் அழுது அவள் பார்த்தது அவனுடைய அம்மா இறந்தபோதுதான்.

தெல்மா கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். உள்ளே வந்து பெர்சிக்குப் போன் செய்தாள்.

"ஜூன் பதினாறு சீசன் திறக்குதுல்ல? அவன் ஆத்துக்கு வரணும். அவனுக்கு ஒரு கை தூக்கற மாதிரி ஒரு கோல் வேணும்."

"நெடுஞ்சாலைகிட்ட ஒரு பெரிய கடை தெறந்திருக்கான். நாளைக்கே போலாம்" என்றான் பெர்சி.

"நாற்காலியோட கரையில எப்பிடி எறங்கறது? ஒரே சரிவும் காஞ்சொறிச் செடியுமா இருக்குமே."

"அத அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல கோலு."

இவன் எப்போதும் இப்படித்தான், பொருள் வாங்குவது என்றால் மற்றதெல்லாம் மறந்துபோகும் என்று தெல்மாவுக்குக் கோபம் வந்தது.

கடை ஒரு விமானக் கொட்டகை போல இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கோல்கள். ஒவ்வொன்றுக்கும் போர்க்கப்பலுக்கு வைப்பதுபோல ஒரு பெயர்: இடிமுழக்கம், இரும்புப்புயல், கொலைவெறி. நடுவில் பெரிய திரை. அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் பன்றிக்குட்டி அளவு கெண்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்: "மாம்பழ மான்ஸ்டர் இரை! இதப் போடுங்க, மீனு உங்க வீட்டு அட்ரஸ் கேட்டு வரும்!"

"எழவு" என்றான் வில்ஃப்.

"இருட்டுல மினுங்கும்! ஆழத்துல மணக்கும்!"

"எழவு."

திரைக்காரன் மூச்சுவிட நிறுத்துமிடத்திலெல்லாம் வில்ஃபின் குரல் சரியாக வந்து விழுந்தது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தெல்மாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் பெர்சி கையில் ஏற்கெனவே இரண்டு மாம்பழ டப்பா ஏறியிருந்தது.

விற்பனையாளன் ஒருவன் வந்தான். சட்டையில் டேல் என்று பெயர் குத்தியிருந்தான். முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன், மனப்பாடம் செய்ததை வேகமாக ஒப்பித்தான். "சார் எந்த மாதிரி மீன் புடிப்பாங்க மேடம்? கெண்டையா? அப்பன்னா இந்த இரும்புப்புயல்தான். போன மாசம் இதான் எங்ககிட்ட அதிகமா போச்சு. இத வச்சு ஒரு எருமையவே இழுக்கலாம்."

"எங்களுக்கு எருமை வேணாம் தம்பி. ரோச், பிரீம்னு ஆத்து மீனு, அவ்வளவுதான். ஒரு கையில புடிக்கணும்."

டேல் அப்போதுதான் வில்ஃபின் மடியில் கிடந்த கையைப் பார்த்தான். ஒப்பிப்பதை நிறுத்தினான். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வந்து கொடுக்க ஆரம்பித்தான். தெல்மா அதை வாங்கி வில்ஃபின் இடக்கையில் வைப்பாள். அவன் விரல்கள் மூடும். முனை தாழும். மணிக்கட்டு நடுங்கும். "இல்ல." அடுத்தது. "இல்ல." அதற்கும் அடுத்தது. இறகு எடை என்று ஒட்டியிருந்த ஒன்று முனையில் மட்டும்தான் இறகு, அடியில் உலக்கை. "இல்ல."

சுவரே தீர்ந்துபோகும் போலிருந்தது. வில்ஃபின் நெற்றியில் வேர்வை. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று தெல்மா நாற்காலியைத் திருப்பினாள். திரும்பிய இடத்தில், கடையின் கோடியில், ஒரு தனித் தட்டி இருந்தது. மேலே பட்டாம்பூச்சி போட்ட பலகை: "அவளுக்காக." கீழே ஊதா நிறத்தில் கோல்கள், ஊதா நிறத்தில் ரீல்கள், ஊதா நிறத்தில் தொப்பிகள். கோலின் உடம்பில் ஒரு சின்னப் பட்டாம்பூச்சி, பக்கத்தில் வெள்ளியில் எழுதியிருந்தது: ஊதா ராணி. ஒன்பதடிதான் நீளம்.

"அது பொம்பளைங்களுக்குன்னு கம்பெனி போட்டது மேடம்" என்றான் டேல் தயங்கி. "இங்க யாரும் வாங்கறதில்ல. எங்க அக்காகூட வேணாம்னுட்டா."

"எடு தம்பி. பாப்போம்."

தெல்மா அதை வாங்கியதும் கையில் ஒன்றும் வரவில்லையோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டாள். கைப்பிடி ஒல்லியாக இருந்தது. வில்ஃபின் கையில் வைத்தாள். விரல்கள் மூடின. முனை தாழவில்லை. அவன் அதை மெல்ல ஆட்டினான். நுனி துடித்து, துடித்து, நின்றது. இன்னொருமுறை ஆட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீருக்கு அடியில் ஏதோ கேட்பவன் மாதிரி இருந்தது முகம்.

அவள் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"இல்ல" என்றான் வில்ஃப், கோலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு.

பெர்சிக்கு வாய் மூடவில்லை. "டேய்! ஊதாடா! பட்டாம்பூச்சி வேற போட்டிருக்குடா! சங்கத்துல ஒருத்தனும் உன்ன விடமாட்டான், சாகற வரைக்கும் ராணின்னுதான் கூப்புடுவானுங்க!"

வில்ஃப் பெர்சியைப் பார்த்தான். கோலைப் பார்த்தான். பிறகு வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தெல்மா பயந்துபோனாள். அது சிரிப்பு. பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக அவன் சிரித்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணினாலும் சிரிப்பு பழைய சிரிப்புதான். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பெர்சியும் சிரித்தான். டேல் எதற்கென்று தெரியாமலே சிரித்தான்.

அந்தச் சுவர் முழுக்க எழுதியிருந்த பொய்களை எல்லாம் தெல்மா அந்த நிமிடமே மன்னித்துவிட்டாள். கம்பெனியில் யாரோ ஒருவன், பெண்களுக்குக் கையில் பலமிருக்காது என்று முட்டாள்தனமாக நினைத்துச் செய்திருக்கிறான். நாள் முழுக்கத் தக்காளிப் பெட்டி தூக்கிய தெல்மாவை அவன் பார்த்ததில்லை. அவன் முட்டாளாக இருந்ததற்கு நன்றி.

ரீல், நரம்பு, முள் எல்லாம் டேல் எடுத்து வைத்தான். வில்ஃப் இடக்கையை நீட்டி மூலையில் இருந்த குளிர்பெட்டியைக் காட்டினான். தெல்மாவுக்கு அது என்னவென்று தெரியும். உயிருள்ள புழுக்கள்.

அந்தக் குடும்பத்தில் புழுவுக்கு ஒரு வரலாறு உண்டு. மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று வில்ஃப் ஃபிரிட்ஜில் வைத்த டப்பாவின் மூடி திறந்துகொண்டு, அடுக்கடுக்காகச் செய்து வைத்திருந்த டிரைஃபிள் இனிப்பில் புழுக்கள் ஏறிவிட்டன. பாதிரியார்தான் முதலில் பார்த்தது. அதோடு தெல்மா வீட்டுக்குள் புழு வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். வில்ஃபும் அதற்குப் பிறகு பெர்சியின் கொட்டகையில்தான் வைப்பான்.

"மாம்பழம் இருக்கே வில்ஃப்" என்று பெர்சி டப்பாவை ஆட்டினான்.

"இல்ல."

"போடு தம்பி, புழுவே போடு" என்றாள் தெல்மா. "செவப்பு ஒரு டப்பா, வெள்ள ஒரு டப்பா."

அந்தப் புழுக்கள் பெர்சியின் கொட்டகையில் ஈயாகிப் பறந்துவிட, சீசன் திறப்பதற்கு முந்தின நாள் மறுபடி போய் வாங்கி வந்தவற்றை அவள் ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். மூடிமேல் ஒரு ஜாம் பாட்டிலை வைத்தாள். வில்ஃப் சமையலறை வாசலில் நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் வந்தபோது அவளுடைய கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"போதும் போதும். ஒண்ணு வெளிய வந்துச்சு, உன்னையும் சேத்து வெளிய தள்ளிருவேன்" என்றாள் அவள்.

ஜூன் பதினாறு காலை லேசான தூறல் விட்டிருந்தது. பெர்சி தன் வண்டியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு புல்வெளி வாசலில் நிறுத்தினான். வழியெல்லாம் புதிய மாதிரி முள் ஒன்றைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தான். தெல்மா காதில் வாங்கவில்லை. அந்தச் சரிவில் இந்த நாற்காலியை எப்படி இறக்குவது, பாதியில் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வேலியைத் தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள்.

காஞ்சொறி இல்லை. இடுப்புயரம் வளர்ந்து கிடந்த பக்கமெல்லாம் அறுத்து ஒதுக்கியிருந்தது. சரிவை வளைத்து வெட்டி, அதன் மேல் பலகைகள் பதித்திருந்தன. பழைய கதவுகள், கட்டில் பலகைகள், யாருடைய வீட்டிலிருந்தோ வந்த படிக்கட்டுத் துண்டு, எல்லாவற்றின் மேலும் வழுக்காமலிருக்கக் கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்திருந்தது. தண்ணீரோரத்தில் ஒரு மேடை. நாற்காலிச் சக்கரம் உருண்டுவிடாமல் விளிம்பில் கட்டை அறைந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார ஒரு ஸ்டூல். கரையோரமாக உட்கார்ந்திருந்த சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, அவசரமாகத் தங்கள் தக்கைகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

"யாரு செஞ்சது இது?" என்றாள் தெல்மா.

"எது?" என்றான் பெர்சி. காது வரை சிவந்திருந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். இரண்டு கையிலும் காஞ்சொறி பட்ட தடிப்பு, முழங்கை வரை.

"பெர்சி."

"எல்லாரும்தான். அவங்கவங்க வீட்டுல கெடந்தது. அத விடு. இந்த முள்ளு இருக்கு பாரு, இத ஜப்பான்ல லேசர்ல தீட்டறானாம்..."

ஒரு டப்பா இரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் இதைப் பற்றி மூன்று வாரமாக மூச்சுவிடவில்லை. தெல்மா அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கையில் இருந்த முள் அவளுடைய ஸ்வெட்டரில் மாட்டிக்கொண்டது. எடுக்க வெகுநேரம் ஆனது.

வேலை அவர்களுக்குள் தானாகவே பிரிந்துகொண்டது. முள்ளில் புழு கோப்பது தெல்மா. முதல் புழு விரலிடுக்கில் நெளிந்தபோது உடம்பெல்லாம் கூசியது. நாலாவது புழுவில் கூச்சம் போய்விட்டது. ரீலைத் திறந்து விடுவதும் அவள். வில்ஃப் நரம்பை விரலில் பிடித்து, ஊதா ராணியைக் கீழிருந்து மேலாக ஒரு வீசு வீசினான். முதல் வீச்சு அல்லித்தழையில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவது வீச்சில் தக்கை தழையைத் தாண்டி, அவன் பார்த்த இடத்தில் போய் நிமிர்ந்து நின்றது.

"ராணி மேடம், குட் மார்னிங்!" என்று மேல்பக்கத்திலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"எழவு!" என்று வில்ஃப் திருப்பிக் கொடுத்தான். கரை முழுக்கச் சிரிப்பு ஓடியது. வருடா வருடம் அந்தக் கரையில் ஓடும் சிரிப்புதான் அது.

சின்ன ரோச் இரண்டு வந்தன. வெள்ளிக்காசு போல உடம்பு, சிவந்த துடுப்பு. பெர்சிக்கு மாம்பழ மான்ஸ்டரில் ஒன்றும் கடிக்கவில்லை. ஆனால் அவன் தூவிய உருண்டைகள் மிதக்க ஆரம்பித்தன. ஆற்றின் வளைவிலிருந்து ஓர் அன்னம் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு குஞ்சுகளோடு ஒரு குடும்பம். பெர்சியின் முன்னால் கூட்டமாக நின்று இன்னும் கொண்டா என்று கழுத்தை நீட்டின.

"அட்ரஸ் கேட்டு வரும்னான்ல?" என்றாள் தெல்மா. "யாருன்னு சொல்லலையே!"

அந்த நேரத்தில்தான் வில்ஃபின் தக்கை சாய்ந்தது. மூழ்கவில்லை. படுத்தது. பிரீம் மீன் இரையை அப்படித்தான் எடுக்கும் என்று தெல்மாவுக்குத் தெரியாது. வில்ஃபுக்குத் தெரியும். பொறுத்தான். தக்கை படுத்தபடியே நகர்ந்து அடியில் போனதும் மணிக்கட்டைத் தூக்கினான். ஊதா ராணி வில்லாக வளைந்தது.

"எழவு!" என்றான்.

"என்ன? என்ன செய்யணும்?"

"எழவு! எழவு!" அவன் கண் ரீலின் மேல் இருந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். நரம்பு இறுகியது. மீன் அடியில் கனமாகத் திரும்பியது.

"இல்ல!" அவள் கையை எடுத்தாள். மீன் இழுத்துக்கொண்டு ஓடியது, ரீல் கரகரவென்று நரம்பைக் கொடுத்தது. அவன் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கை நடுங்கியது, ஆனால் தாழவில்லை. மீன் நின்றது.

"எழவு" என்றான் மெதுவாக. அவள் மெதுவாகச் சுற்றினாள்.

"எழவு, எழவு, எழவு... இல்ல!"

இரண்டே சொற்கள். அவள் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்த அதே இரண்டு சொற்கள். அவற்றுக்குள் இவ்வளவு பேச முடியும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது. சீக்கிரம், மெல்ல, பொறு, இப்போ, பயப்படாதே, நல்லா செய்யறே என்று எல்லாம் கேட்டது. அவளும் பதில் சொல்லிக்கொண்டே சுற்றினாள். "சரி, சரி, தெரியுது, கத்தாத, நான் என்ன செவிடா!" கரையில் மற்றவர்கள் தங்கள் கோல்களை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. வரக்கூடாது என்று தெரிந்தவர்கள். பெர்சி மட்டும் கைவலையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு ஓடிப்போனான்.

மீன் மேலே வந்து பக்கவாட்டில் படுத்தது. அகன்ற, தட்டையான, வெண்கல நிறத்துப் பிரீம், தாம்பாளம் மாதிரி. தெல்மா மண்டியிட்டு வலையை அடியில் செலுத்தினாள். தூக்கினாள். கனத்தது. வழவழப்பு கை, ஸ்வெட்டர், முழங்கால் எல்லாம் அப்பிக்கொண்டது. அவள் அதை ஈரத்துணியில் வைத்து வில்ஃபின் மடியில் கொடுத்தாள். அவன் இடக்கையை அதன் விலாவில் வைத்தான். பிறகு இடக்கையால், ஒவ்வொரு விரலாக, தன் வலக்கையை எடுத்து மீனின் மேல் வைத்தான். அந்தக் கைக்கு ஏதாவது தெரிந்ததா என்று அவள் கேட்கவில்லை.

"விட்டுறவா?" என்றாள்.

அவன் தலையசைத்தான். அவள் மீனைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தாள். அது செவுளை இரண்டுமுறை அசைத்து, வாலை ஒரு தட்டுத் தட்டி, அவள் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போயிற்று. கரையில் கைதட்டல் கேட்டது. "ராணிக்கு ஜே!" என்று எவனோ கத்தினான்.

அடுத்த வாரம், அஸ்பாரகஸ் சீசன் முடிவதற்குள், தெல்மா இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள். பெர்சியும் வில்ஃபும் வண்டியில் இருந்தார்கள். டேல் அவளைக் கண்டதும் முகம் வெளுத்தான்.

"என்ன மேடம், ஒடஞ்சிருச்சா? பில்லு இருக்கா?"

"ஒடையல தம்பி. இத உங்க வீட்டுக்குக் கொண்டுபோ. வெண்ணெய் போட்டுச் சாப்பிடு. அன்னிக்கு நீ ஒப்பிக்கறத நிறுத்திட்டு அவன் கையப் பாத்தல்ல, அதுக்கு."

டேல் கட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டான். "இங்க எல்லாரும் திருப்பிக் கொடுக்கத்தான் வருவாங்க மேடம்" என்றான். பின்னால் திரையில் கறுப்புக் கண்ணாடிக்காரன் இந்த வாரம் ஸ்ட்ராபெர்ரியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு டப்பா சிவப்புப் புழு வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். பாலத்தைக் கடக்கும்போது பெர்சி வேகத்தைக் குறைத்தான். மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ராத்திரி பெய்த மழையில் ஆறு லேசாகக் கலங்கி, தேநீர் நிறத்தில், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி இன்னிக்கு மீன் புடிக்க நல்லாருக்கு" என்றாள் தெல்மா.